17-ம் 19-ம்

அன்புள்ள மாப்ள,

தோட்டத்து போர்வெல்லில் தண்ணீர் நிற்கிறது என்று படித்ததும் மனசு நிறைந்தது. ஆனால் கடிதத்தில் முக்கால்வாசி மோட்டார் ரூம் கம்ப்யூட்டருக்கு விழுந்த திட்டுதான். ரேடியோ மோடம் வழியாகப் போட்டோ இறக்கினால் ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலேயே நின்றுவிடுகிறது, கேபிளை மூன்று முறை மாற்றியாயிற்று என்கிறாய். கேபிளை விடுடா. அது கோளாறென்றால் ஒருநாள் இங்கே நிற்கும், ஒருநாள் அங்கே நிற்கும்.

போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாய்: டெல்நெட் (தூரத்துக் கம்ப்யூட்டரில் எழுத்தடித்து வேலை செய்கிற வழி) போகிறது, லாக் ஃபைல் (நடந்ததைக் குறித்து வைக்கும் வெறும் எழுத்து ஃபைல்) வருகிறது, ஐபி எண் (கம்ப்யூட்டரின் முகவரி) கொடுத்தால் பேசுகிறது, பெயர் கொடுத்தால் மட்டும் ஊமையாகிவிடுகிறது. திருடன் அங்கேதான் மாட்டினான். பெயருக்குரிய ஐபி எண்ணைத் தேடும் கேள்வி யுடிபி என்ற அனுப்பும் முறையில் போகும். ஒவ்வொரு யுடிபி பாக்கெட்டின் ஐபி ஹெடரிலும் (முகவரி இருக்கும் தலைப்பகுதி) 'இது யுடிபி' என்று சொல்ல 17 என்ற பைட் உண்டு. உன் லைனில் 17 அக்கரை சேர்வதில்லை. 19-ம் சேராது, பந்தயம்.

அந்த மோடத்தில் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் என்ற போக்குவரத்துக் கட்டுப்பாட்டைப் போட்டு வைத்திருப்பாய். அதற்கு 19 என்றால் 'நிறுத்து', 17 என்றால் 'அனுப்பு'. போட்டோவுக்குள் வருகிற 19-ஐயும் உத்தரவென்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். பைட் குறைந்ததும் செக்சம் (சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகாது, லைனில் பாக்கெட்டைக் கொண்டுபோகும் பிபிபி அதைத் தூக்கி எறியும். பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று கவனிக்கும் டிசிபி அதையே திரும்ப அனுப்பும். அதே 19, அதே விழுங்கல். காத்திருப்பையும் ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்குவதால் டவுன்லோடு செத்துக் கிடப்பதுபோல் இருக்கும். வெறும் எழுத்தில் 17-ம் 19-ம் வராது. அதனால்தான் லாக் ஃபைல் தப்பிக்கிறது. இணைப்பு எழும்போது நடக்கும் பேச்சுவார்த்தையில் பிபிபி 32-க்குக் கீழுள்ள எல்லா பைட்டையும் மாற்றித்தான் அனுப்பும், ஆகவே அங்கேயும் சந்தேகம் வராது. நான் இதே கூத்தில் இரண்டு ராத்திரி தூக்கம் தொலைத்திருக்கிறேன். அப்போது பழியை மழை மேல் போட்டேன்.

மோடத்தில் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃபை நிறுத்திவிட்டு ஆர்டிஎஸ்/சிடிஎஸ் (தனிக் கம்பிகளில் 'நிறுத்து', 'அனுப்பு' சொல்லும் முறை) வை. மூன்று கம்பிக் கேபிள் என்றால் அது நடக்காது. அப்போது இரண்டு பக்கமும் பிபிபி செட்டிங்கில் அசிங்க்மேப் (எந்தெந்த பைட்டை மாற்றி அனுப்புவது என்ற பட்டியல்) ஏ0000 என்று கொடு. ஒரு பக்கம் மட்டும் போட்டால் பாதிதான் சரியாகும். பிறகு 19-க்குப் பதில் 125, 51 என்று இரண்டு பைட்டாகப் போகும். மோடத்துக்கு ஒன்றும் புரியாது.

எம்டியுவையும் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 296 பைட் ஆக்கிவிடு. 9600 பிட் வேகத்தில் (ஒரு பைட்டுக்குப் பத்து பிட்) நொடிக்கு 960 பைட்தான். 1500 பைட் பாக்கெட் ஒன்றே லைனை ஒன்றரை நொடி அடைத்துக்கொள்ளும். டெல்நெட்டில் ஓர் எழுத்து அடித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எல்லாம் சரியானாலும் 1 எம்பி போட்டோவுக்குப் பதினெட்டு நிமிஷமாவது ஆகும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அவ்வளவு பெரிய போட்டோ எதற்கு?

சரியானதும் அந்தத் தொட்டிப் போட்டோவையே எனக்கு அனுப்பு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய ரூம்மேட்