அப்பாவின் தறி விளக்குக்குக் கைகொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

நேற்று ராத்திரி குடியாத்தத்தில் எங்கள் தெருவில் கரண்ட் போனது. எங்கள் தறிக்கு மேலே மட்டும் விளக்கு இரண்டரை மணி நேரம், ஒரு தடவைகூட அணையாமல் எரிந்தது. அப்பா தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

அப்பா லுங்கி நெய்கிறவர். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், ஓர் இழை அறுந்தது தெரியாமல் நாலு விரல் அளவு நெய்துவிட்டால் அத்தனையையும் பிரிக்க வேண்டும். நூலுக்கு நடுவே மெழுகுவர்த்தி வைக்கவும் பயம். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு முன்னால் கொடுக்க வேண்டிய சரக்கு வேறு பாக்கி இருந்தது. அதனால்தான் பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து, அதிலிருந்த ஆறு செல்லை வைத்துப் பவர் பேங்க் செய்ய உட்கார்ந்தேன்.

இரண்டு இரண்டு செல்லாகச் சேர்த்து, அந்த மூன்று ஜோடியையும் வரிசையாகக் கோத்தேன். முழுசாகச் சார்ஜ் ஏறினால் 12.6 வோல்ட். காலியாகும்போது 9 வோல்ட் வரை இறங்கும். நான் கட்டியது 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், இரண்டு மீட்டர். அதில் மூன்று மூன்று எல்இடி ஒரே வரிசையில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 3 வோல்ட் அளவுக்கு வேண்டும். அதனால் பேட்டரி 10 வோல்ட்டைத் தாண்டி இறங்கினாலே வெளிச்சம் செத்துவிடும். ஆரம்பத்தில் 12-க்கு மேல், முடிவில் 12-க்குக் கீழ். அப்படியானால் குறைக்கவும் தெரிந்து, ஏற்றவும் தெரிந்த சர்க்யூட் வேண்டும். அதுதான் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர்.

செல்போன் கடை பாய்க்குத்தான் முதல் நன்றி. நான் முதலில் வாங்கி வந்த கன்வெர்ட்டர் போர்டைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே, "இன்னாம்மா, இதுல ஒரே காயில்தான் கீது. இது ஏத்த மட்டும்தான் ஏத்தும், எறக்காது" என்றார். அதே எக்ஸ்எல் 6009 சிப்பில், இரண்டு காயிலும் நடுவில் ஒரு கெப்பாசிட்டரும் வைத்த போர்டு தனியாக வருகிறது, அதுதான் இரண்டும் செய்யும் என்று சொன்னவர் அவர். வேலூருக்குப் போய் வாங்கி வந்தேன். ஒன்றும் கட்டாமல் பார்த்தால் வோல்ட் பார்க்கும் மீட்டரில் சரியாக 12 வோல்ட். ஒரு மீட்டர் ஸ்ட்ரிப் கட்டினாலும் நன்றாக எரிந்தது. இரண்டாவது மீட்டரையும் சேர்த்ததும் பட் பட்டென்று சிமிட்ட ஆரம்பித்தது. போர்டு மோசம் என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே.

பாய் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கே வந்தார். நான் எப்போதும் மீட்டரைப் பேட்டரி மேல்தான் வைத்துப் பார்ப்பேன். அவர் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்போதே கன்வெர்ட்டரின் உள்ளே போகும் முனையில் வைத்தார். பேட்டரியில் 11 வோல்ட் இருக்க, அங்கே 8-க்கும் கீழே இறங்கி இறங்கி ஏறியது. கீழே பெட்டியிலிருந்து தறிச் சட்டத்தின் உச்சி வரைக்கும் நான் இழுத்திருந்தது பழைய சார்ஜர் ஒயர். அந்த மெல்லிய ஒயரிலும் துருப்பிடித்த சுவிட்சிலும் மூன்று வோல்ட் போய்க்கொண்டிருந்தது.

இங்கேதான் அவர் எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார். சாதாரண பல்பு, வோல்ட் குறைந்தால் கரண்டையும் குறைத்துக்கொள்ளும். கன்வெர்ட்டர் அப்படி இல்லை. வெளியே அதே 12 வோல்ட்டைக் கொடுத்தாக வேண்டும் என்பதால், உள்ளே வோல்ட் குறையக் குறையக் கரண்டை அதிகமாக இழுக்கும். எங்கள் விளக்குக்கு 11 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் போதும். 8 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர் வேண்டும். அதிகமாக இழுத்தால் ஒயரில் இன்னும் குறையும், குறைந்தால் இன்னும் இழுக்கும். கடைசியில் சிப் நின்றுபோய் மறுபடி கிளம்பும். அதுதான் அந்தச் சிமிட்டல். தடிமனான ஒயரும் புது சுவிட்சும் அவரே போட்டுக் கொடுத்தார். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் இல்லாமல் போகமாட்டேன் என்று அதையும் மாட்டிவிட்டுத்தான் போனார். காசு வாங்கவில்லை.

ஐடிஐயில் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு சாருக்கு அடுத்த நன்றி. ஒயர் மாற்றிய பிறகும் ஒரு மணி நேரத்தில் விளக்கு அணைந்துபோனது. மொத்த வோல்ட்டைப் பார்க்காதே, ஜோடி ஜோடியாகப் பார் என்றார் சார். விளக்கு எரியும்போது பார்த்தால் இரண்டு ஜோடி 3.8, ஒன்று மட்டும் 3.1. பேட்டரியோடு வைத்த பாதுகாப்பு போர்டு ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகக் கவனிக்கும், ஒன்று விழுந்தாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அந்த ஜோடியை மட்டும் மாற்றினோம். செல்லின் மேல் நேராகச் சால்டரிங் வைக்கவே கூடாது, சூட்டில் உள்ளே கெட்டுவிடும் என்று நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து வரச் சொன்னவரும் சார்தான்.

அப்புறம் எங்களுக்குத் தார், அதாவது குறுக்கே ஓட்டும் நூல், சுற்றித் தரும் அக்கா. அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த பிறகும் விளக்கு அவ்வப்போது துடித்தது. நான் மேஜை மேல் வைத்துப் பார்த்தால் மணிக்கணக்கில் ஒன்றும் ஆகாது. மேலே மாட்டினால் துடிக்கும். இரண்டு நாள் எல்லா முனையிலும் மீட்டரை வைத்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. நீங்கள் ராட்டை பக்கத்தில் உட்கார்ந்தபடியே, "பாப்பா, தறி நின்னா வெளக்கு நல்லாத்தான் கீது. உங்கப்பா அச்சை இழுத்து அடிக்கும்போதுதான் கண்ணு சிமிட்டுது" என்றீர்கள். அப்பாவை நிறுத்தச் சொன்னேன், விளக்கின் துடிப்பு நின்றது. அடிக்கச் சொன்னேன், துடித்தது. அந்தத் தாளத்துக்கே துடித்தது! தினமும் அந்தத் தறிச் சத்தத்தோடு இருக்கிற உங்களுக்குத்தான் அது கண்ணில் பட்டது.

போர்டை நான் தறிச் சட்டத்தில் திருகி வைத்திருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் அது ஆடி, காயிலின் ஒரு காலில் சால்டர் விரிந்திருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலைச் சுற்றி முடி மாதிரி ஒரு வளையம். எதிர்வீட்டுத் தம்பி அதைச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைத்தான். வோல்ட் வைக்கும் திருகும் அதிர்வில் நகரக்கூடும் என்று அதன்மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தான். போர்டைச் சட்டத்திலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டியதும் அவன் யோசனைதான். தம்பி, ரொம்ப நன்றிடா.

சரக்கை நாளை சாயங்காலம் கொடுத்துவிடுவோம். அடுத்த பாவில் உங்கள் நான்கு வீட்டுக்கும் ஆளுக்கொரு லுங்கி நெய்யப் போவதாக அப்பா சொல்லியிருக்கிறார், அக்கா வீட்டு அண்ணனுக்கு எந்தக் கட்டம் பிடிக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். பாய், உங்கள் மீட்டரின் சிவப்பு ஒயர் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. சனிக்கிழமை காலையில் கடைக்குக் கொண்டு வந்து தருகிறேன்.

அன்புடன்,
நெசவாளி மகள், குடியாத்தம்