பிள்ளைகள் பக்கத்தை வெட்டுவதற்கென்றே அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் கடிதம் பகுதியில் அன்பர் ஒருவர், பிள்ளைகளைப் பாலர்பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டு காகிதம் வெட்டியும் பசை தடவியும் பொழுதைக் கழிக்கும் பெற்றோரைக் கண்டித்து எழுதியிருந்தார். தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் குறைவதற்கும் இவர்கள்தான் காரணம் என்றார். அவர் சொல்லும் கூட்டத்தில் நானும் ஒருவன். அவருக்குப் பதில் சொல்வதோடு, உங்களிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. கடிதம் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தமிழ்ப்பள்ளி விஷயம். மலேசியாவில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். ஜனவரி முதல் நாளில் ஆறு வயதாகிவிட்ட பிள்ளையை அந்த ஆண்டு பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வீட்டிலேயே படிக்க வைப்பதென்றால் அமைச்சிடம் விலக்கு வாங்க வேண்டும். எனக்கு அந்த எண்ணமே இல்லை. பெரியவனுக்கு ஆறு வயது, வரும் ஜனவரியில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு, பெயர் பதிந்தாயிற்று. சின்னவளுக்கு நான்கு. அவளும் அண்ணன் பின்னாலேயே அங்குதான் போவாள். நாட்டின் தமிழ்க்கல்விக்கு வயது எண்ணும்போது 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பிலிருந்துதான் எண்ணுகிறோம். அந்த மாநிலத்தில் இருந்துகொண்டு பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. ஆகவே அன்பர் அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

நான் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீசியன். இரவு ஏழுக்கு ஏறினால் காலை ஏழுக்கு இறங்கும் ஷிப்ட். கம்பெனி பஸ் கடல்மேல் உள்ள பினாங்குப் பாலத்தைக் கடந்து, எதிர்க்கரையில் எங்கள் வீடு இருக்கும் பட்டர்வொர்த்தில் இறக்கிவிட எட்டு மணி ஆகிவிடும். மனைவிக்குப் பகல் வேலை. பாலர்பள்ளியோ நண்பகலுக்குள் முடிந்துவிடும். போய் அழைத்துவர வேண்டியவன் அந்த நேரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

இது ஒரு காரணம்தான். பெரியவனை நான்கு வயதில் ஒரு பாலர்பள்ளியில் சேர்த்துத்தான் பார்த்தோம். ஒன்றிலிருந்து நூறு வரை எழுதி வரச் சொல்லி வீட்டுப்பாடம் வரும். விரலில் வலு வராத பிள்ளை, முப்பதைத் தாண்டுவதற்குள் கை வலிக்கிறது என்று அழுவான். அங்கிருந்த ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தில் எத்தனை பக்கம் முடிந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் பெற்றோர்தானே? தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். அந்தப் பயம் மட்டும் போகவில்லை, படியிறங்கி இப்போது பாலர்பள்ளிக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் அரசாங்கத்தின் பாலர்பள்ளிக் கலைத்திட்டமே விளையாட்டு வழிக் கற்றலைத்தான் சொல்கிறது.

அதனால் எங்கள் வீட்டுப் பள்ளிக்கு மணி அடிப்பது நான் தூங்கி எழுந்து, பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு. வகுப்பறை சமையலறைத் தரை. ஆசிரியர்கள் நானும் என் அம்மாவும்.

ஆரம்பத்தில் நானும் பேரங்காடியில் 80 வெள்ளி கொடுத்து ஒரு கைவினைப் பெட்டி வாங்கினேன். திறந்து பார்த்தால் எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டி, துளை போட்டு, எண் குத்தி வைத்திருந்தார்கள். எடுத்து ஒட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி. பிள்ளை செய்ய வேண்டிய வேலையை ஏதோ ஒரு தொழிற்சாலை செய்து முடித்திருந்தது. அரை மணி நேரத்தில் யானை தயார். அதற்குப்பின் அந்த யானையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது எங்கள் பொருள்கள் மைலோ டின், முட்டை அட்டை, இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி, மைதா காய்ச்சிய பசை. எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் நாளிதழ். அன்பர் கோபித்துக்கொண்டாலும் சரி, நாங்கள் படித்து முடித்ததும் அதைக் கிழிக்கிறோம்.

அதிலும் எங்கள் வீட்டில் ஒரு தணிக்கை உண்டு. காகிதம் சரஸ்வதி, காலில் படக்கூடாது, தெரியாமல் மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று வளர்ந்தவர் அம்மா. அவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து நாளிதழை வெட்டச் சொன்னால் கேட்பாரா? கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார். முதலில் பத்திரிகை அவர் கைக்குப் போகும். சாமி படம் உள்ள பக்கம், நினைவஞ்சலிப் பக்கம், ராசிபலன் எல்லாம் தனியே எடுத்து வைக்கப்படும். மிச்சம்தான் எங்களுக்கு. எங்கள் வீட்டுக் காகிதக்கூழ் பொம்மைகள் எல்லாவற்றின் முதுகிலும் கோழி விலையும் கார் தவணையும் தெரிவதற்கு அதுதான் காரணம்.

காகிதத்தில் என்ன படிப்பு இருக்கிறது என்று அன்பர் கேட்கிறார். கையில் இருக்கும் இதே பக்கத்தை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பார்க்கட்டும். பத்தி ஓரமாக வாழைநார் உரிவதுபோல நேராக இறங்கும். குறுக்கே கிழித்தால் தாறுமாறாக ஓடும், எத்தனை பொறுமையாக இழுத்தாலும் கோணிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தது சின்னவள்தான். "இந்தப் பக்கம் நல்ல பக்கம், அந்தப் பக்கம் கெட்ட பக்கம்" என்றாள். காகித ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் நீட்டிப் படுத்துக்கொள்கின்றன. நாரோடு போனால் வழி விடும், நாரை அறுத்துக்கொண்டு போனால் முரண்டும். அதை நான் சொல்வதற்கு முன்பே இரண்டு பேரும் வீட்டில் இருந்த காகிதம் அனைத்தையும் கிழித்துச் சோதித்திருந்தார்கள். டிஷ்யூ, அரிசிப் பை, மின்சார பில் வரை. மின்சார பில்லை மட்டும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

அப்புறம் பாலம். தினமும் அப்பா பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறார் என்பதால் வீட்டில் அதற்குத் தனி மரியாதை. 1985-இல் திறந்த முதல் பாலம், 13.5 கிலோமீட்டர் நீளம், நடுவில் கப்பல் போகும் இடத்தில் மட்டும் 225 மீட்டர் தூரத்துக்குக் கீழே தூண் கிடையாது, மேலிருந்து வடம் பிடித்திருக்கிறது. இதை எழுதி மனப்பாடம் செய்ய வைத்தால் மறுநாளே மறந்துவிடுவான். செய்து பார்க்கச் சொன்னேன்.

நாளிதழ்த் தாளை மூலையிலிருந்து சாத்தே குச்சியில் இறுக்கிச் சுருட்டி, ஓரத்தில் பசை தடவி, குச்சியை உருவிவிட்டால் ஒரு குழாய் கிடைக்கும். மெல்லிய தாள்தான், ஆனால் சுருட்டியபின் வளைத்துப் பாருங்கள், எதிர்த்து நிற்கும். நான்கு குழாயைக் கட்டிச் சதுரம் செய்தான். ஒரு மூலையைத் தள்ளினால் சரிந்துபோகிறது. மூன்றைக் கட்டி முக்கோணம் செய்தான். தள்ளினான், ஏறி அமுக்கினான், அசையவில்லை. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குழாயைக் கொடுத்தால் அதுவும் நின்றுவிடும் என்பதை அவனே பிடித்துக்கொண்டான். மறுநாள் அவன் கண்ணுக்கு உலகமே முக்கோணமாகிவிட்டது. மின்கம்பத்தில் முக்கோணம், சாலையோரக் கட்டுமானத்து கிரேனில் முக்கோணம், கோயில் கொட்டகைக் கூரையில் முக்கோணம்.

பாலத்துக்கு நடுக்கம்பம் நட்டு நூல் கட்டியபோது கம்பம் சாய்ந்துகொண்டே இருந்தது. நூலை இன்னும் இறுக்கினான், இன்னும் சாய்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மாறாக அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, "அந்தப் பக்கமும் ஒரு கயிறு கட்டுடா, தோட்டத்துல பந்தல் போட்டவங்க நாங்க, எங்களுக்குத் தெரியாதா?" என்றார். கட்டினான். நின்றது. அதன்மேல் மைலோ டின்னை வைத்தோம், அதையும் தாங்கியது. நாளிதழ் விளம்பரத்தில் செய்த பாலம்!

அம்மா கெடா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு வாய்த்த பாலர்பள்ளி ஆயாக்கொட்டகைதான், தோட்டத்துப் பிள்ளைகளை ஓர் ஆயா பார்த்துக்கொள்ளும் இடம். பெற்றோர் ரப்பர் பால் வெட்டப் போய்விட, ரப்பர் விதையும் ஈர்க்குச்சியும்தான் விளையாட்டுப் பொருள். படிப்பு அதிகம் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் அவர், குருத்தோலையைக் கையில் எடுத்தால் நானும் மாணவன்தான். ஈர்க்கை உரித்து, ஓலையை இரண்டாகப் பிரித்து, மடித்து, கீறி, அப்படியே கிளி ஒன்றை எடுத்து நீட்டுவார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் கட்டும்போது எங்கள் வரிசைத் தோரணம் அவர் பொறுப்பு.

அதே ஓலையில் கெதுப்பாட், அதாவது அரிசி வேகவைக்கும் ஓலைக்கூடு, பின்னக் கற்றுக்கொடுத்தவர் கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்போம். மேலே ஒன்று, கீழே ஒன்று, மறுபடி மேலே. ஒரு இடம் தவறினால் கூடு திறந்துகொள்ளும், பின்னோக்கி எண்ணிப் போய்த் தவறிய இடத்தைப் பிடிக்க வேண்டும். பெரியவனுக்கு ஒற்றை எண், இரட்டை எண் புரிந்தது இந்தப் பின்னலில்தான். கூட்டில் வாய்வரை அரிசியை நிரப்பினாள் சின்னவள். மக்சிக் சிரித்துக்கொண்டே பாதியைக் கொட்டிவிட்டார். வெந்து ஊதும் அரிசிக்கு இடம் வேண்டும், இடம் போதாமல் ஒன்றையொன்று நெருக்கினால்தான் கட்டியாகும் என்று மலாயில் விளக்கினார். பல மணி நேரம் கொதிக்கவைத்து அறுத்துக் காட்டியபோது, பாதி அரிசி எப்படிக் கூடு முழுக்க ஆனது என்று அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வைத்தால் பிள்ளைகள் மற்றவர்களோடு பழக மாட்டார்கள் என்றும் அன்பர் எழுதியிருந்தார். மாலை நான்கு மணிக்கு எங்கள் பிளாட்டுக்கு வந்து பார்க்கட்டும், எத்தனை மொழிச் சத்தம் என்று.

தொல்லைகளும் உண்டு. மழை மாதங்களில் பசை காயாது, பொம்மையில் பூஞ்சை பூக்கும். மைதாப் பசைக்குக் கரப்பான் வரும். தரையைத் துடைத்து மாளாது.

இது என் சொந்தச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளியை 1837-இல் ஜெர்மனியில் தொடங்கிய ஃபுரோபெல், காகித மடிப்பையும் பின்னலையும் களிமண்ணையும்தான் அவர்களுக்குப் பாடமாக வைத்தார். காந்தியும் 1937-இல் வார்தாவில் கைத்தொழிலை நடுவில் வைத்துத்தான் ஆதாரக் கல்வியைப் பேசினார். நம்மில்தான் கைவேலை என்றால் படிப்பு ஏறாதவனுக்கு என்ற எண்ணம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. தோட்டத்தில் உடம்பால் உழைத்து உழைத்துச் சலித்த தலைமுறை, பிள்ளைக்குப் பேனா வேலைதான் வேண்டும் என்று நினைத்ததில் நியாயம் இருக்கிறது. என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். ஆனால் ஐந்து வயதுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

இனி உங்களிடம் கேட்க வந்தது. உங்கள் ஞாயிறு பிள்ளைகள் பக்கத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புக, படத்துக்கு வண்ணம் தீட்டுக, சரியான விடைக்கு வட்டமிடுக. வாரா வாரம் இவைதான். அரைப் பக்கத்தையாவது செய்து பார்ப்பதற்கு ஒதுக்க முடியுமா? வெட்டும் கோடு தடித்ததாக, மடிக்கும் கோடு புள்ளியாக. பழைய சீரியல் பெட்டி அட்டையில் ஒட்டி வெட்டும் அளவுக்கு இருந்தால் போதும். இணையத்தில் இல்லாததா என்பீர்கள். இருக்கிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். சோறு சாப்பிடும்போது தமிழ் பேசும் என் பிள்ளைகள், கத்தரிக்கோலை எடுத்தவுடன் வீடியோவில் கேட்ட ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். தமிழகத்து வீடியோக்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் அவற்றில் நம் பாலமும் வராது, கெதுப்பாட்டும் வராது. இப்போது ஓடாத அந்தப் பழைய இரண்டடுக்கு ஃபெரி, தைப்பூச ரதம், ரப்பர் மரமும் பால் கோப்பையும், ஒரு சிறிய கோபுரம் என்று நம் ஊர்ப் பொருள்களை வெட்டி ஒட்டும்படி போடுங்கள். செய்முறை பெரியவர் வாசித்துச் சொல்ல, பிள்ளை கேட்டுச் செய்யும் அளவுக்குச் சின்னச் சின்ன வாக்கியங்களாக இருக்கட்டும். தமிழ்ப்பள்ளி ஓவிய ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், கேட்டால் வரைந்து கொடுக்க மாட்டார்களா?

ஒரே ஒரு விண்ணப்பம். அந்த அரைப் பக்கத்தின் பின்புறத்தில் பேரங்காடி விளம்பரத்தைப் போடுங்கள். நினைவஞ்சலியோ ராசிபலனோ வந்துவிட்டால், அந்த வாரம் எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் பெட்டியைவிட்டு வெளியே வராது.

இப்படிக்கு,
இரவு ஷிப்ட் தகப்பன்,
பட்டர்வொர்த், பினாங்கு