கஞ்சிக்கோட்டு வேலை பற்றி அம்மிணிக்கு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணி,

அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, தோப்புக்குப் போய் வருகிறார்.

கஞ்சிக்கோட்டில் கால் சென்டர் திறக்கிறார்கள் என்று சித்தி போனில் சொன்னதும் பெங்களூர் ரூமைக் காலி பண்ணக் கிளம்பிவிட்டாயாமே! அவசரப்படாதே. ஊரிலும் இதே பேச்சுதான். டீக்கடையில் இருநூறு பேருக்கு வேலை என்கிறார்கள், பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் அது ஐநூறாகிவிடுகிறது. தமிழும் மலையாளமும் தடங்கலில்லாமல் பேச வேண்டுமாம். நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்காவில் அதற்கா பஞ்சம்? தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு மலையாளத்தில் சண்டை போடுகிற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கம்பெனிக்கு அது ஒரு வசதி. பெங்களூர் சம்பளம் இங்கே தர வேண்டியதில்லை என்பது இன்னொரு வசதி. அதை மட்டும் நோட்டீஸில் போட மாட்டார்கள்.

முதலில் ஆபர் லெட்டர் யார் பெயரில் வருகிறது, கம்பெனியா ஏஜென்சியா என்று பார். வருஷச் சம்பளம் என்று பெரிய தொகை எழுதியிருப்பார்கள். பி.எஃப்.புக்குக் கம்பெனி கட்டுகிற பங்கு, இன்சென்டிவ் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கமாக இருக்கும். உன் பங்குக்கும் 12 சதவீதம் பிடிப்பார்கள். மாதச் சம்பளம் 21,000க்குள் என்றால் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம். அது போனால் போகட்டும், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகும். டார்கெட் தொடாத மாதம் கையில் எவ்வளவு வரும்? அந்தக் கணக்கைக் கேள்.

ராத்திரி ஷிப்ட் முடிந்தால் வண்டி நம் வீடு வரை வருமா, பாலக்காட்டோடு இறக்கிவிடுமா? இதை வாய்வார்த்தையாக விடாதே, எழுதி வாங்கு. ஜவுளிக்கடையில் நான் நாள் முழுக்க நின்றது உனக்குத் தெரியும். கேரளத்தில் 2018ல் சட்டத்தைத் திருத்தி, கடைப் பெண்கள் உட்கார இடம் தர வேண்டும் என்றார்கள். அப்போதும் முதலாளி தானாக ஸ்டூல் போடவில்லை, நாங்கள் நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டபிறகுதான் வந்தது. ராத்திரி 9 மணிக்கு மேல் வேலை பார்க்கிற பெண்களுக்கு வண்டி வசதி வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில்தான் இருக்கிறது.

நீ பக்கத்தில் இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்காக என்று சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வராதே. தங்கச்சி பீஸ் இந்த வருஷத்தோடு முடிகிறது, தோப்புக் கடனையும் அப்பா பார்த்துக்கொள்வார்.

இன்டர்வியூவுக்கு வருவதானால் லீவு போட்டுவிட்டு வா, வேலையை விட்டுவிட்டு வராதே. ஹாஸ்டல் அட்வான்ஸை அதுவரை திருப்பிக் கேட்காதே.

அம்மா