கண்மாய் மீன் தேடும் உன் மகளுக்காக

தேவிபட்டினம்,
தை மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து நீ மறுபடியும் காலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். இங்கே எல்லோரும் நலம். மண்டபம் ஊரில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உன் மகள், கும்பகோணத்தில் வாரந்தோறும் உண்டு பழகிய குளத்து விராலும் ஆற்றுக் கெண்டையும் இங்கே கிடைக்கவில்லை என்று ஏங்குகிறாள் என எழுதியிருந்தாய். கடலை வாசலில் வைத்துக்கொண்டு நன்னீர் மீனுக்கு ஏங்குவது பிறருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு அது முழுவதும் விளங்குகிறது. என் துணைவியாரும் உள்நாட்டிலிருந்து வந்தவர் ஆகையால், இந்தக் கரையில் நல்ல கண்மாய் மீனை எங்கே, எப்போது, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை நான் சற்று அக்கறையோடு கற்றுக்கொண்டிருக்கிறேன். அதை விரிவாகவே எழுதுகிறேன். இக்கடிதத்தை அப்படியே அவளுக்கு அனுப்பிவிடு.

முதலில் காலத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் ஊரைப் போல இங்கே ஆற்றிலும் வாய்க்காலிலும் நெடுநாள் தண்ணீர் ஓடுவதில்லை. வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிறைத்துவிட்டு, மிஞ்சியது உண்டானால் மட்டுமே ஆற்றங்கரைப் பக்கம் கடலைச் சேர்கிறது. மற்றபடி ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும் கண்மாய்களே இந்த மாவட்டத்தின் நன்னீர். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பெயர் பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாய்கூடக் கோடையில் தரை தெரிய வற்றுவதுண்டு. ஆகவே கண்மாய் மீனுக்குப் பருவம் உண்டு. மழைக்குப் பின் குஞ்சு விடுவார்கள்; தண்ணீர் சுருங்கச் சுருங்க, மாசியிலிருந்து மீன் பிடிப்பு வலுக்கும்; சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாள்களும் வரும். அந்தச் சமயத்தில்தான், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்குக் கடலில் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும் கரைக்கு வருவதால் கடல் மீனின் விலை ஏறும். அதோடு கண்மாய் மீனின் விலையும் ஏறிவிடும். எனவே உன் மகள் மாசி, பங்குனியிலேயே வாங்கத் தொடங்குவது நல்லது. மீனும் நிறைய வரும், விலையும் நியாயமாக இருக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, மண்டபம், பாம்பன் பக்கத்துக் கடைகளில் தேடிப் பயனில்லை. அங்கே கூறு வைத்திருப்பவை நகரை, பாறை, விளை, காரல், சூடை போன்ற கடல் மீன்களே. இராமநாதபுரம் மீன் கடைகளிலும், பரமக்குடி, முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சந்தைகளிலும் கண்மாய் மீன் வரும். அவை எல்லாவற்றையும்விட மேலானது கண்மாய்க் கரை. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை, அதாவது மீன்பாசியை, குத்தகை எடுத்தவர் வலை இழுக்கும் நாளைப் பக்கத்து ஊர்த் தேநீர்க் கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். விடிவதற்கு முன் கரைக்குப் போய்விட்டால், வியாபாரிகள் எடை போட்டு ஏற்றுவதற்குள் நமக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். நான் இப்போது வாங்குவது பெரும்பாலும் அப்படித்தான். அங்கே துடிப்பு அடங்காத மீனைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பிடித்தவரிடமே அது எந்தத் தண்ணீர் மீன் என்று கேட்டறியலாம்.

கடையில் வாங்கும்போது அவள் முக்கியமாக அறிய வேண்டிய ஒன்று உண்டு. கடற்கரைக்காரர்கள் மீனை மூக்கால் சோதித்துப் பழகியவர்கள். கடல் மீனின் சதையில் இயல்பாகவே இருக்கும் ஒரு வேதிப்பொருள், மீன் கெடத் தொடங்கியதும் நுண்ணுயிர்களால் சிதைந்து, அந்தக் கடும் வீச்சத்தை எழுப்பிவிடும். நன்னீர் மீனில் அப்பொருள் மிகக் குறைவு. ஆகையால் கண்மாய் மீன் ஓரளவு கெட்ட பின்னரும் அந்த வீச்சம் எழாமல் இருக்கலாம். வாடை இல்லை என்பதை நம்பி வாங்கக் கூடாது. கண்ணையும் விரலையுமே நம்ப வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்க்கும்போது அது இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியோ பழுப்பேறியோ கொழகொழவென்றோ இருந்தால் வைத்துவிட வேண்டும். விழி புடைத்துத் தெளிந்திருக்க வேண்டும். முதுகில் அழுத்திய விரலின் தடம் உடனே மறைய வேண்டும். கெண்டை வகைகளில் வயிற்றைக் கட்டாயம் தடவிப் பார்க்க வேண்டும். வயிறு நிறைய இரை தின்ற மீனில் குடல்தான் முதலில் இளகும். வயிறு தொளதொளத்திருந்தால் மற்ற அடையாளங்கள் நன்றாக இருந்தாலும் அது பழையது.

மாறாக, புதிய கண்மாய் மீனிலும் ஒரு மண்வாடை அடிக்கலாம். அது கெட்டதன் அறிகுறி அன்று. தண்ணீரிலும் சேற்றிலும் வாழும் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருள் மீனின் கொழுப்பில் சேர்வதால் அந்த வாடை வருகிறது. புளிப்புப் பட்டால் அது பெருமளவு அடங்கிவிடும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவி, புளியைச் சற்றுக் கூடுதலாகக் கரைத்து ஊற்றும் நம் வீட்டு முறையே போதுமானது.

இப்போது கடைகளில் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி வரும் கட்லாவும் ரோகுவும் பெரும்பாலும் ஆந்திரத்துப் பண்ணை மீன்கள். இவையெல்லாம் கங்கைச் சமவெளியின் மீன்கள். தேங்கிய நீரில் தாமாக முட்டையிடாதவை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌதுரி என்ற அறிஞர் ஊசி மருந்தால் இவ்வினக் கெண்டைகளை முட்டையிடச் செய்து காட்டினார். அதன் பிறகுதான் தென்னாட்டுக் கண்மாய்கள் வரை இவற்றின் குஞ்சுகள் தாராளமாகப் பரவின. எங்கள் கண்மாய்களிலும் இவற்றையே விடுகிறார்கள். ஆனால் சில மாதங்களே தண்ணீர் நிற்கும் இடத்தில் மீன் பெரிதாக வளர்வதில்லை. எனவே ஒரே அளவில், இரண்டு கிலோ எடையில், வரிசையாக அடுக்கியிருப்பவை பெரும்பாலும் வெளியூர்ப் பெட்டி மீன்கள் என்று கொள்ளலாம். பெட்டி மீன் என்பதாலேயே அது தாழ்ந்ததன்று. பிடித்தவுடன் பனிக்கட்டியில் இட்டு, இடையில் உருகவிடாமல் வந்திருந்தால், வெயிலில் தட்டில் கிடக்கும் உள்ளூர் மீனைவிட அது மேலானது. பெட்டி திறக்கும் வேளையைக் கேட்டு அப்போது போய் வாங்கச் சொல். முந்திய நாள் விற்காமல் கிடந்ததன் மேல் மீண்டும் பனிக்கட்டி கொட்டி விற்பதுதான் ஆபத்து. 2018-இல் கேரளச் சோதனைச்சாவடிகளில் மீன் அழுகாமல் இருக்கக் கலக்கும் ஃபார்மலின் என்ற நச்சு மருந்து உள்ள மீன் பிடிபட்ட பிறகு, இங்கும் பலருக்கு அந்தக் கலப்படத்தைப் பற்றிய அச்சம் உண்டு. அதைச் சோதிக்கும் காகிதப் பட்டையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியிருக்கிறது.

விரால் விஷயத்தில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவே கூடாது. விரால் மேலே வந்து காற்றை நேரே சுவாசிக்கும் மீன்; ஈரம் இருந்தால் சில மணி நேரம் தண்ணீருக்கு வெளியேயும் உயிரோடு இருக்கும். ஆகையால் செத்த விராலை விற்பதற்கு யாருக்கும் நியாயமான காரணம் இல்லை. தொட்டியில் தானாக மேலெழுந்து காற்றை விழுங்குவதைத் தேர்ந்தெடுத்து, கண் முன்னே வெட்டித் தரச் சொல்ல வேண்டும். அயிரையும் அப்படித்தான், உயிரோடு வாங்கினால்தான் சுவை. உயிருள்ள கெளுத்தியிலும் தேளியிலும் கை வைக்க வேண்டாம். முள் குத்தினால் கடுமையாகக் கடுக்கும். வெட்டுபவரிடமே முள்ளை நீக்கித் தரக் கேட்கட்டும்.

இன்னொன்றையும் அவளிடம் என் வேண்டுகோளாகச் சொல். மழைக்காலத்தில் விரால் இணைகள் சிவந்த குஞ்சுக் கூட்டத்தைச் சுற்றிக் காவல் நிற்கும். இடம் பெயராமல் நிற்பதால் அப்போது அவற்றைப் பிடிப்பது எளிது. அந்தப் பெரிய விராலைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். கட்லாவுக்குக் குஞ்சு வாங்கி விட ஆள் உண்டு. எங்கள் கண்மாய்களில் விராலுக்குப் பெரும்பாலும் அந்த இணையை விட்டால் வேறு வழியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் விராலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை. அவளும் அந்த இரண்டு மாதம் கடல் மீனை உண்டு பழகட்டும். பாறையும் விளையும் அவளைக் கைவிடமாட்டா.

மாசி பிறந்ததும் பெரிய கண்மாய்ப் பக்கம் எப்போது வலை இறங்குகிறது என்று விசாரித்துச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் அவள் முதல் நாள் மாலையே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிடட்டும். விடியற்காலையில் நானே கரைக்கு அழைத்துப் போகிறேன். அவளுடைய கைப்பேசி எண்ணையும், கெண்டையில் முள் பார்த்து உண்பாளா அல்லது விரால் மட்டும்தானா என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது.

உன் அன்பு நண்பன்