தக்காளிக் காட்டு மண் கொஞ்சம் அனுப்பு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கைக்கு வந்தது. கையெழுத்து பழையபடி ஆகிவிட்டதைப் பார்த்ததுமே பாதி நிம்மதி. புற்றுநோய்க்காகத் தைராய்டை முழுசாக எடுத்து எட்டு மாதம் ஓடிவிட்டது. குரல் திரும்பிவிட்டதா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

உன் நாத்தனார் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. "உடம்பு போட்டதால்தான் உனக்கு இது வந்தது. சர்க்கரையை அடியோடு நிறுத்து, மிச்சமிருக்கும் புற்று பட்டினியில் செத்துவிடும்." அதைக் கேட்டு நீயும் ஆறு வாரமாகக் காப்பியைக் கசக்கக் கசக்கக் குடிக்கிறாய். பாவம்டி நீ.

உடல் பருமனுக்கும் தைராய்டு புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் அது தெரிகிறது. இன்சுலினுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். உடம்பு அதன் பேச்சைக் கேட்காமல் போனால் கணையம் இன்னும் இன்னும் சுரக்கும். தைராய்டு செல்லின் மேல் இன்சுலினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. மூளைக்கு அடியிலிருந்து வரும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் வளரச் சொல்லும்போது இன்சுலினும் கூடச் சேர்ந்தால் செல் வேகமாகப் பெருகும். உனக்குத் தைராய்டு ஹார்மோன் மாத்திரை அளவைச் சற்றுக் கூட்டிக் கொடுத்து டி.எஸ்.எச்.சைத் தாழ்வாக வைத்திருப்பதும் அது செல்லை வளரச் சொல்லும் என்பதால்தான்.

ஆனால் அது கூட்டத்துக்குப் போடும் கணக்கு. ஒரு ஆளைப் பிடித்து நிறுத்தி, நீ சாப்பிட்டாய், உனக்கு வந்தது என்று சொல்ல அதில் இடமே இல்லை. ஒல்லிக்குச்சியாக இருப்பவர்களுக்கும் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு வருகிறது. தேடத் தேட எண்ணிக்கை கூடுகிற நோயும்கூட இது. தென்கொரியாவில் 1999இல் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு கழுத்து ஸ்கேனும் சேர்த்து எடுக்கத் தொடங்கினார்கள். 2011இல் அங்கே தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறப்பு விகிதமோ அப்படியே இருந்தது. உன்னுடையது அப்படிச் சும்மா விட்டாலும் தீங்கு செய்யாத வகை இல்லை, நிணநீர்க் கணு வரைக்கும் போயிருந்தது. எடுத்தது சரிதான்.

சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானியர் 1920களிலேயே இதைப் பார்த்துவிட்டார். ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும்போதும் புற்றுச் செல் குளுக்கோஸை வாரி இழுத்து, பாதியில் விட்டு, லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகிறது. கதிரியக்கக் குளுக்கோஸை ஏற்றி அது எங்கே சேர்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேன் எடுப்பதே இந்தக் குணத்தை வைத்துத்தான். ஆனால் நீ வாயைக் கட்டினால் ரத்தத்தில் குளுக்கோஸ் தீர்ந்துவிடாது, கல்லீரல் தயாரித்துக்கொண்டே இருக்கும். புற்றுச் செல்லுக்கு முன்னால் நீ வாடிப்போவாய்.

உனக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை போல, அதனால் இதையும் எழுதுகிறேன். தைராய்டு செல்லின் வேலை அயோடினை உள்ளே இழுப்பது. புற்றாக மாறிய பிறகும் பல செல்கள் அந்த வேலையை மறப்பதில்லை. உன்னைத் தனி அறையில் வைத்துக் கொடுத்தார்களே கதிரியக்க அயோடின், அதை உப்பில் வரும் அயோடின் என்றே நம்பி அவை இழுத்துக்கொள்ளும், அதனாலேயே அழியும். முரட்டுத்தனமாக மாறும் செல்கள்தான் அயோடினை மறந்து குளுக்கோஸுக்குத் தாவுகின்றன. உன் ஸ்கேனில் அயோடின் நன்றாக ஏறியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன் செல்வி.

அதனால் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போடு. ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடி, சர்க்கரை போட்டே குடி. கால்சியம் மாத்திரைக்கு மட்டும் நாலு மணி நேரம் இடைவெளி விடு. எடையைக் குறைப்பது முட்டிக்கும் இதயத்துக்கும் நல்லது. அதற்காக நட, தண்டனையாக நினைத்து நடக்காதே.

தக்காளிக் காட்டில் மண்ணை மூடப் போடும் பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டால் இது வந்திருக்குமா என்று கேட்டிருந்தாய். பிளாஸ்டிக்கில் சேர்க்கும் சில ரசாயனங்கள் தைராய்டு ஹார்மோனின் வேலையில் குறுக்கிடுவது சோதனைக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. அதனால் புற்றுநோய் வந்தது என்று நிரூபணமாகவில்லை. அந்தப் பாரத்தையும் இறக்கி வை.

ஆனால் உன் மண்ணைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. களை வரவில்லை, தண்ணீர் மிச்சம் என்கிறாய், அது நிஜம். அறுவடை முடிந்ததும் ஷீட்டை உருவாமல் ரோட்டவேட்டர் விட்டதுதான் தப்பு. வெயிலில் நைந்த ஷீட் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகி உள்ளே போய்விட்டது. ஒவ்வொரு துணுக்கின் மேலும் நுண்ணுயிர்கள் குடியேறும், அந்தக் கூட்டம் சுற்றியுள்ள மண்ணில் இருப்பது போல இருக்காது. சில சோதனைகளில் மண்ணின் நொதிகள் சுறுசுறுப்பாகின்றன, சிலவற்றில் மந்தமாகின்றன. எந்தப் பிளாஸ்டிக், எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. பெர்லினில் மண் சூழலியலாளர் மத்தியாஸ் ரில்லிக் குழுவினர் பாலியஸ்டர் இழைகளை மண்ணில் கலந்து பார்த்தபோது, மண் கட்டி கட்டியாகச் சேர்ந்திருக்கும் தன்மையே மாறியது. பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்ப் பசையும் சேர்த்துக் கட்டுவதுதானே அந்தக் கட்டி. அது உதிர்ந்தால் நீரோட்டமும் காற்றோட்டமும் மாறும். இன்னொன்று: மண்ணை எரித்துக் கரிமத்தை அளந்தால் பிளாஸ்டிக்கின் கரிமமும் கணக்கில் சேரும். எண் கூடியிருக்கும், எந்த உயிருக்கும் அதில் சாப்பாடு இருக்காது.

ஆள் கிடைக்கவில்லை என்பது புரிகிறது. அடுத்த போகத்துக்குக் கெட்டியான ஷீட்டாக வாங்கு, நைவதற்கு முன்னாலேயே முழுசாக உருவிவிடலாம். ஓர் ஓரத்திலாவது ஷீட்டுக்குப் பதில் கரும்புச் சோகை போட்டுப் பாரேன்.

அப்புறம் ஓர் உதவி. ஷீட் போட்ட இடம், போடாத இடம், கிணற்றடி வரப்பு, மூன்றிலும் ஒரு கைப்பிடி மண் எடுத்து அனுப்பு. இங்கே பிள்ளைகளை வைத்து உப்புத் தண்ணீரில் கரைத்துப் பார்க்கப் போகிறேன். மண் அடியில் தங்கும், ஷீட் துணுக்கு மேலே மிதக்கும். ஊறுகாய் பாட்டிலில் போடு, பிளாஸ்டிக் பை வேண்டாம். மண் எடுக்கும்போது பாலியஸ்டர் புடவை கட்டாதே, பருத்தி கட்டு. இழை உதிர்ந்தால் கணக்கு கெட்டுவிடும்.

அன்புடன்,
வாசுகி