மனசு வரவில்லை என்றாயே அம்மா

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "உடற்பயிற்சி நல்லதுன்னு எனக்குத் தெரியாதாப்பா? மனசு வர மாட்டேங்குது, அவ்வளவுதான்" என்றாய். நான் உடனே, "தினமும் அரை மணி நேரம் நடம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. என்ன செய்யட்டும் என்று நீ கேட்கவில்லை. செய்வதற்கு மனசு எங்கிருந்து வரும் என்றுதான் கேட்டாய். போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜிம்முக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு இரண்டே மாதத்தில் நின்றுவிட்டதை நினைத்து வெட்கப்படுகிறாய். வேண்டாம். தோழியின் கல்யாணத்துக்குள் எடை குறைய வேண்டும் என்றுதானே சேர்ந்தாய்? கல்யாணம் முடிந்தது, போவதற்கான காரணமும் அதோடு முடிந்தது. இதில் சோம்பல் எங்கே இருக்கிறது?

எனக்கும் அப்படித்தான் நடந்தது. 49 வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். பயத்தில் நாலு மாதம் ஒரு நாள் விடாமல் நடந்தேன். அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. பயம் போனதும் நடையும் போயிற்று. அப்புறம் நீ வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் வந்தது. அது காலடிகளை எண்ணும், ஒரு நாளைக்கு 10,000 அடி என்று ஒரு கணக்கு. குறைந்தால் இரவு பத்து மணிக்குக்கூட கூடத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடப்பேன். காய்ச்சலில் ஒரு வாரம் கணக்கு விட்டுப்போனதும் அந்த ஆர்வமும் விட்டுப்போயிற்று. அந்த எண் வந்த கதை பின்னால்தான் தெரிந்தது. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். பத்தாயிரம் காலடி எண்ணும் கருவி என்று அர்த்தம். அந்தப் பெயரிலிருந்து பரவிய எண் அது. உலக சுகாதார நிறுவனம் அடிக்கணக்கு எதுவும் சொல்லவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை, இதுதான் பெரியவர்களுக்கு அது முக்கியமாகச் சொல்வது.

மனசு எங்கிருந்து வரும் என்பதை எனக்குக் காட்டியது உன் பாட்டிதான். அவள் குளியலறையில் விழுந்தபோது நீ படிப்புக்காக வெளியே இருந்தாய், அதனால் முழுதாக உனக்குத் தெரியாது. எலும்பு எதுவும் முறியவில்லை. இருந்தாலும் வலிக்கிறதே என்று மூன்று வாரம் படுக்கவைத்தே பார்த்துக்கொண்டோம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம். வலி போய் எழுந்து நிற்கச் சொன்னால் இரண்டு காலும் நடுங்கின. விழுந்ததில் போகாதது படுத்ததில் போயிருந்தது.

அப்போதுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸில், 20 வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். அவர்கள் உடலின் உழைக்கும் திறனை 30 வருட வயது குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்ததுதான் அதிகம். ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், வயதால் இழந்த திறனை ஐம்பது வயதில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இழந்தது திரும்பும் என்ற இடத்தை அன்று நான் நாலைந்து முறை படித்திருப்பேன்.

ஆனால் பாட்டியிடம் இதையெல்லாம் சொல்லி ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மறுபடி உட்காரும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். "செய்தால்தானே ரொம்ப நாள் இருப்பீங்க" என்று நாங்கள் மாற்றி மாற்றிச் சொன்னோம். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் நடுராத்திரி கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். என் கையை மெல்ல விலக்கிவிட்டு, "இதுக்கு மட்டும் நான் யாரையும் கூப்பிடக் கூடாதுப்பா" என்றாள். மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தாள். அடுத்த வாரம் ஐந்து. பிறகு பத்து. சில நாள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். இரண்டரை மாதம் கழித்து ஓர் இரவு விழித்துப் பார்த்தேன், கட்டில் காலியாக இருந்தது. ஊன்றுகோலின் சத்தம் கழிவறைப் பக்கமிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

நீண்ட ஆயுள் அவளை அசைக்கவில்லை. கூச்சமில்லாமல் இருக்க வேண்டும் என்ற ஆசை அசைத்தது. அதை அவளைத் தவிர வேறு யாரும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்க முடியாது.

என் காரணம் அதைவிடச் சின்னது. காலையில் நடந்த நாளில் நான் பொறுமையாகப் பேசுகிறேன், இரவில் அசந்து தூங்குகிறேன். நடக்காத நாளில் சின்ன விஷயத்துக்கும் குரல் உயர்கிறது. உன் அம்மாதான் இதை முதலில் கவனித்துச் சொன்னாள். நம்பாமல் ஒரு மாதம் டைரியில் குறித்துப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. பத்து வருடம் கழித்து மாரடைப்பு வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கால் எழுவதில்லை. இன்று சாயங்காலம் அவளிடம் நன்றாகப் பேசுவேன் என்றால் எழுகிறது. ஆறு வருடமாக நடக்கிறேன்.

மனசு வந்த பிறகு கிளம்பலாம் என்று மட்டும் காத்திருக்காதே. 2002-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், மாணவர்களில் ஒரு பிரிவினர் ஊக்கமூட்டும் குறிப்புகளை மட்டும் படித்தார்கள். அடுத்த வாரத்தில் உடற்பயிற்சி செய்தவர்கள் அவர்களில் 35 சதவீதம்தான். அந்தக் குறிப்புகளைப் படிக்காதவர்களிலேயே 38 சதவீதம் பேர் செய்திருந்தார்கள். இன்னொரு பிரிவு அதே குறிப்புகளைப் படித்ததோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன் என்று எழுதியும் வைத்தது. அவர்களில் 91 சதவீதம் பேர் செய்தார்கள். நானும் ராத்திரியே காலணியை வாசலில் எடுத்து வைத்துவிடுகிறேன். காலையில் யோசிக்க ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. நடுவில் ஒரு நாள் தவறினால் தவறட்டும், என்னை மாதிரி அதோடு விட்டுவிடாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்குச் சுலபமில்லை. ஒன்பது, பத்து வயதில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நீ ஆடுவாய். யாருக்காகவும் இல்லை. வேர்த்துக் கொட்டியபடி வெளியே வரும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் படிப்பு கெடும் என்று நிறுத்தச் சொன்னோம். முதலில் சொன்னது நான்தான். நீ மறுபேச்சு பேசாமல் நிறுத்திவிட்டாய். உடம்பை அசைப்பது உனக்கு வேலையாக மாறியது அதற்குப் பிறகுதான் என்று இப்போது நினைக்கிறேன். அது என் தப்பு, அம்மா.

கண்ணாடியையும் எடை மெஷினையும் கொஞ்ச நாள் தள்ளி வை. ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டு போட்டுப் பார். அது இப்போது உனக்கு ஒத்துவராமல் போகலாம், வேறு ஏதாவது ஒத்துவரும். எதுவானாலும் முடித்த பிறகு அந்த நாள் எப்படிப் போனது, எப்படித் தூங்கினாய் என்று மட்டும் கவனி. அதில் உன் காரணம் இருந்தால் உனக்கே தெரியும். எனக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கே கூப்பிடுகிறேன். நான் நடந்துகொண்டுதான் பேசுவேன். முடிந்தால் நீயும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடு.

அன்புடன்,
அப்பா