குப்புற மிதக்கறவர யாரு பாத்துக்கறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல லீவு ஸ்பெஷல் பக்கத்துல ஸ்னார்க்கலிங் பத்தி, அதாவது கண்ணுக்கு மாஸ்க் போட்டு, வாய்ல வச்ச டியூப் (ஸ்னார்க்கல்) வழியா மூச்சு விட்டுட்டே குப்புற மிதந்து தண்ணிக்குள்ள மீன் பாக்கறது பத்தி போட்டிருந்தீங்க. படம் எல்லாம் நல்லா இருந்துச்சு, ஆனா தண்ணில இருந்த நாலு பேர்ல ஒருத்தர் மேலயும் மிதவை ஜாக்கெட் இல்ல, நீச்சல் தெரியாதவங்களும் தைரியமா இறங்கலாம்னு வேற எழுதியிருந்தீங்க. அதப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் இத எழுதறேன்.

என் அக்கா வீட்டுக்காரர் நல்லா நீந்துவாரு. ஸ்னார்க்கல் போட்டுட்டு எங்க படகுக்கு பக்கத்துலயே மிதந்துட்டு இருந்தாரு, நான் மேல இருந்து போன்ல வீடியோ எடுத்துட்டு இருந்தேன். கை கால் அசைக்காம அப்படியே குப்புற கிடந்தாரு, மாமா ஏதோ பெரிய மீன பாத்துட்டாரு போல, அதான் அசையாம இருக்காருனு அக்காகிட்ட சொல்லிட்டு நான் பாட்டுக்கு எடுத்துட்டே இருக்கேன். படகுல இருந்த பையன் தான் திடீர்னு எட்டிக் குதிச்சான். அவன் கவனிச்சது ஒரே ஒரு விஷயம், டியூப்போட நுனி தண்ணிக்கு மேல இல்ல, உள்ள போயிடுச்சு. தூக்கிப் போட்டு மூச்சு கொடுத்து ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம், பொழச்சுட்டாரு. அந்த வீடியோ இன்னும் என் போன்ல இருக்கு, இப்ப பாத்தாலும் அவரு எந்த நிமிஷத்துல மயங்கினாருனு என்னால சொல்ல முடியல.

இதத்தான் எல்லாருக்கும் சொல்லணும். சாதாரணமா நீந்தற ஒருத்தர் முகத்த தண்ணில வச்சுட்டு அசையாம கிடந்தா கரைல இருக்கற எல்லாரும் பதறி ஓடுவோம். ஸ்னார்க்கல் பண்றவர் நல்லா இருந்தாலும் அப்படித்தான் கிடப்பாரு, உயிர் போயிட்டு இருந்தாலும் அப்படித்தான் கிடப்பாரு. கத்த மாட்டாரு, கைய அடிக்க மாட்டாரு. கரைல உக்காந்து பாத்துக்கறேன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல, பாத்துக்கறவரும் தண்ணிக்குள்ள கை எட்டற தூரத்துல இருக்கணும், அடிக்கடி தோளத் தொட்டு நல்லா இருக்கியானு கேக்கணும், பதில் வரலன்னா யோசிக்காம அந்த செகண்டே மல்லாக்க புரட்டணும்.

மாமா அப்பறம் சொன்னது எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. தண்ணி எதுவும் குடிக்கலையாம். திடீர்னு மூச்சு வாங்குச்சு, கை காலெல்லாம் பலமே இல்லாம போச்சு, அதுக்கு மேல நினைவில்லங்கறாரு. நுரையீரல்ல நீர் கோத்துருச்சுனு டாக்டர் சொன்னாரு. நான் தேடிப் படிச்சப்ப ஹவாய் தீவுல இத வச்சே ஒரு ஆய்வு பண்ணி 2021ல அறிக்கை விட்டிருக்கறது தெரிஞ்சுது. டியூப் வழியா காத்த கஷ்டப்பட்டு இழுக்கறப்ப நெஞ்சுக்குள்ள அழுத்தம் குறைஞ்சு, அதனால ரத்தக் குழாய்ல இருந்து நீர் நுரையீரலுக்குள்ள கசியலாம்னு அதுல சொல்றாங்க. வேகமா நீந்தினா, டியூப் ரொம்ப குறுகலா இருந்தா இழுக்கற கஷ்டம் இன்னும் கூடும். பிபி, இதயப் பிரச்சனை இருக்கறவங்க கட்டாயம் டாக்டர கேட்டுட்டு தான் இறங்கணும், மாமா பிபி மாத்திரை போடறவரு, நாங்க யாரும் அத யோசிக்கவே இல்ல. நீளமான டியூப் வச்சா ஆழத்துல இருந்தும் மூச்சு விடலாம்னு சில பேர் நினைக்கறாங்க, அது நடக்காது, ஒரு மீட்டர் ஆழத்துலயே தண்ணி நெஞ்ச அழுத்தற அழுத்துல மேல இருக்கற காத்த இழுக்க முடியாது.

மிதவை விஷயத்துக்கு வரேன். அன்னிக்கு மாமா கழுத்துல ஊதற வெஸ்ட் இருந்துச்சு, ஆனா காத்து இல்லாம சுருங்கிக் கிடந்துச்சு, ஏன்னா தேவைப்பட்டா ஊதிக்கலாம்னு சொல்லி தான் கொடுத்தாங்க. மூச்சே வாங்க முடியாதவர் வாய வச்சு எப்படி ஊதுவாரு? இறங்கறதுக்கு முன்னாடியே பாதியாவது ஊதிட்டு தான் இறங்கணும். இன்னொன்னு, மிதக்கறதெல்லாம் லைஃப் ஜாக்கெட் இல்ல. மிதவை ஜாக்கெட்டுக்கு ஐஎஸ்ஓ 12402னு ஒரு சர்வதேச தரம் இருக்கு, அதுல 50 நியூட்டன்னு (நம்மள எவ்வளவு விசையோட மேல தூக்கும்ங்கற அளவு) போட்டிருந்தா அது நினைவோட இருக்கற, நீந்தத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு கைத்தாங்கல், அவ்வளவு தான். மயங்கினவர புரட்டி முகத்த மேல கொண்டு வரும்னு அத நம்பவே கூடாது. அதுக்கு 100, 150 நியூட்டன் ஜாக்கெட் வேணும், அத மாட்டிட்டு குப்புறப் படுத்து மீன் பாக்கறது கஷ்டம். அதனால தான் திரும்ப சொல்றேன், ஸ்னார்க்கலிங்ல வெஸ்ட் பாதி காவல், பக்கத்துல இருக்கற ஆள் மீதி காவல்.

வெஸ்ட்டோ ஜாக்கெட்டோ மாட்டினதும் யாரையாவது விட்டு அதோட ரெண்டு தோள்பட்டையையும் புடிச்சு மேல தூக்கிப் பாக்க சொல்லுங்க. அது காது வரைக்கும் ஏறி வந்துச்சுன்னா தண்ணிலயும் அப்படித்தான் ஏறும், நீங்க உள்ள போயிடுவீங்க. குழந்தைங்களுக்கு கால் இடுக்குல போடற பட்டையையும் மாட்டியே ஆகணும். காத்தடிச்ச வளையம், ஸ்பான்ஞ்ச் குழல் எல்லாம் விளையாட்டு சாமான், கை நழுவினா அது ஒரு பக்கம் நாம ஒரு பக்கம், கரைல இருந்து கடல் பக்கமா காத்தடிச்சா அதுல உக்காந்திருக்கற குழந்தையோட சேந்து இழுத்துட்டுப் போயிடும். முகம் முழுக்க மூடற மாஸ்க் எனக்கு சுத்தமா பிடிக்கல, சாதா மாஸ்க்ல அவசரத்துக்கு வாய்ல இருக்கறத துப்பிட்டு மூச்சு விடலாம், இதுல பட்டைய கழட்டி மொத்தத்தையும் எடுத்தா தான் காத்து.

மொத தடவ இறங்கறவங்க இடுப்பளவு தண்ணில, கால் தரைல படற இடத்துல, டியூப்ல ஏறின தண்ணிய ஊதித் தள்ளவும் மாஸ்க்க சட்டுனு கழட்டவும் பழகிட்டு அப்பறம் போங்க. மூச்சு கொஞ்சம் வாங்கற மாதிரி இருந்தாலும் சரியாயிடும்னு காத்திருக்காதீங்க, உடனே டியூப்ப துப்பிட்டு மல்லாந்து படுங்க, ஒரு கைய தூக்கி ஆட்டுங்க. கைய ஆட்டறதுக்கு டைவிங் பண்றவங்க மத்தியில காப்பாத்துங்கனு தான் அர்த்தம், அதனால போட்டோ எடுக்கறவங்களுக்கு டாட்டா காட்டறதுக்காக ஆட்டாதீங்க. நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கு ஒரு கைய தலை உச்சில வச்சா போதும்.

ஆசிரியர் சார், அடுத்த தடவ இப்படி ஒரு பக்கம் போடறப்ப வெஸ்ட் போட்டு ஜோடியா இறங்கறவங்க படத்த போடுங்க. டியூப் நுனிய பாக்கணும்ங்கறத ஓரத்துல ஒரு சின்ன பெட்டியிலயாவது போடுங்க. அன்னிக்கு அந்தப் பையனுக்கு அது தெரிஞ்சிருந்துச்சு, எனக்கு தெரியல.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்